சிவக்காத அகோசில்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது நூல் வெட்டும் மேசையில். தைத்து வரும் கால்சட்டைகளில் தொங்கும் நூல் முனைகளை வெட்டி எறிவது என் வேலை. மிஷின் இரைச்சலுக்கு மேலே யாரும் மெதுவாகப் பேச முடியாது. அதனால் எங்கள் பட்டறையில் ரகசியம் என்று ஒன்று தங்குவதில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் சாயோ மிஷினிலிருந்து தலையைத் தூக்கிக் கத்தினாள்.

"கேட்டீங்களாடீ? எங்க பெரியம்மா துணியை டின்னால அளந்து விப்பாங்களாம்!"

பட்டறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், அந்தப் பெரியம்மாவின் மகள் நோவெமி ஜிப் தைக்கும் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது உறைத்தது. அவள் தலையைத் தூக்கவில்லை. கால் மட்டும் மிதியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. காதுகள் சிவந்திருந்தன.

எங்கள் ஊரில் ஒருவர் வெட்கத்தில் சிவந்தால், "அகோசில் மாதிரி ஆயிட்டா" என்பார்கள். அன்றைக்கு அதை யாரும் சொல்லவில்லை. நோவெமியிடம் மட்டும் அதைச் சொல்லக்கூடாது. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கதை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

வாய்க்காலின் தெளிந்த நீரில் சிவப்பு அகோசில்கள் நீந்திக்கொண்டிருந்தன.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் பெருமையாக இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, சிவப்பு அகோசில் எந்தத் தண்ணீரிலும் நீந்தாது. உயிரோடு இருக்கும் அகோசில் சேற்று நிறம். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டால்தான் சிவக்கும். ஊர் நுழைவு வளைவில் வரைந்திருப்பதும் சிவப்பு, பள்ளிக்கூடச் சுவரில் அலைகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருப்பதும் சிவப்பு. ஏரிக்கரை ஊர் என்று இன்னும் சொல்லிக்கொள்ளும் ஊரில் பிறந்த நான் தட்டில் கிடந்ததை மட்டுமே பார்த்திருக்கிறேன். வெந்ததை எடுத்துத் தண்ணீரில் நீந்தவிட்டிருக்கிறேன்.

(அந்த வரியை அடிக்கவில்லை. இருக்கட்டும். இந்தக் கதையில் என் முகம் சுட்ட முதல் இடம் அது.)

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

நோவெமிக்கு அம்மாவை மிகவும் பிடிக்கும். ஆனால்

'ஆனால்' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.

3

அகோசிலிலிருந்தே தொடங்குகிறேன்.

இறாலுக்கும் நண்டுக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் தெரியாதது. சுண்டுவிரலில் இரண்டு கணு நீளம் இருந்தால் அது பெரிய அகோசில். முன்னால் இரண்டு கொடுக்கு உண்டு. பிடித்தால் வலிக்காது, கூசும். அதற்குக் குளிர்ந்த ஊற்றுத் தண்ணீர் வேண்டும், ஓடுவது தெரியாமல் ஓடும் தண்ணீர். கோரைத் தண்டும், வில்லோ மர வேரும், அடியில் மக்கிய இலையும் வேண்டும். பகலெல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கும். பயந்தால் வாலைச் சுருட்டி அடித்துப் பின்பக்கமாகப் பாயும். எதைக் கண்டு பயந்ததோ, அதைப் பார்த்தபடியே விலகிப் போகும்.

அப்படிப்பட்ட தண்ணீர் எங்கள் ஊரில் ஏரி முழுக்க இருந்ததாம். நான் பிறப்பதற்கு ரொம்ப முன்பே அது குழாய் வழியாகத் தலைநகரத்துக்குப் போய்விட்டது. ஏரி இருந்த இடத்தில் இப்போது சோளம் விளைகிறது. 'படகுத்துறை' என்ற பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் கால் தூசியில் புதையும். மீன் பிடித்தவர்களின் பிள்ளைகள் தையல் மிஷினுக்கு வந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது சோளக் காடுகளுக்கு இடையே ஒரு வாய்க்கால். அதில் இன்னும் ஊற்று இருக்கிறது. அதில் வலை போடுவது ஒரே ஒருத்தி. நோவெமியின் அம்மா தெல்ஃபினா.

தொடை வரைக்கும் தண்ணீரில் இறங்கி, கோரைக்கு அடியில் கைவலையை நுழைத்து, உதறி எடுப்பாள். வயிற்றடியில் முட்டை சுமக்கும் பெண் அகோசிலைப் பொறுக்கித் திரும்ப விட்டுவிடுவாள். திங்களன்று பிடித்ததை வாளியில் உயிரோடு வைத்திருந்து, செவ்வாய் விடிவதற்குள் உப்பும் ஒரு கிளை எபசோத்தே இலையும் போட்டு அவித்து, சந்தியாகோ சந்தைக்குக் கொண்டுபோவாள். தோர்த்தியா ரொட்டியில் வைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்து நின்றபடியே தின்பார்கள். அளவு, பழைய மத்தி மீன் டின். அந்தச் சந்தையில் சின்னதாக எது விற்றாலும் அதுதான் அளவு: பூசணி விதை, பொடி மீன், அகோசில். குவித்து அளந்து, மேலே ஒரு கைப்பிடி கொசுறு.

பள்ளிக்கூடத்தில் நோவெமிக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். எடுத்துவிட்டேன். அதைப் படித்தால் அவள் செய்தது சரிதான் என்று உங்களுக்குத் தோன்றிவிடும். அதை எழுதியதே அதற்காகத்தான்.

4

நோவெமி செய்தது ஒரு சொல்.

துணிக்கட்டு ஏற்றிவரும் வேன்காரன் உலிசெஸை அவள் கட்டிக்கொள்வதாக இருந்தாள். தொலூக்காவில் அவன் வீட்டுக்கு முதல் முறை சாப்பிடப் போயிருந்தபோது, அவன் அம்மா லெத்திசியா சூப் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"உங்கம்மா என்ன பண்றாங்க?"

"சந்தையில கடை, அத்தை."

"என்ன கடை?"

லெத்திசியா பள்ளிச் சீருடை தைத்து விற்பவள். அவளுக்குப் பின்னால் மேசை நிறைய நீலத் துணி கிடந்தது. நோவெமியின் கண் அதில் போய் விழுந்தது.

"துணி."

அவ்வளவுதான். யாரும் மிரட்டிக் கேட்கவில்லை. லெத்திசியா நல்ல பெண்மணி. நோவெமிக்குப் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு, சூப்பில் இரண்டு துண்டு சோளக்கதிர் கூடுதலாகப் போட்டிருந்தாள்.

பெண் கேட்க வரும் நாள் குறித்த பிறகுதான் நோவெமி வீட்டில் வாயைத் திறந்தாள். தெல்ஃபினா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கோழி போட்டு மோலே குழம்பு வச்சிடலாம்," என்றாள் தெல்ஃபினா. "பக்கத்துல ஒரு தட்டு அகோசில். எலுமிச்சை பிழிஞ்சு, மேல கொஞ்சம் கொத்தமல்லி..."

"அது வேணாம்மா."

"வீட்டுக்கு வர்றவங்களுக்கு நம்ம ஊர்ப் பண்டம் இல்லாமலா?"

"வேணாம்மா. நீ துணி விக்கிறதா சொல்லியிருக்கேன்."

கத்தி நிற்கவில்லை. வெங்காயம் முடிந்தது. அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"என்ன துணி?"

"என்ன துணின்னா?"

"யாராவது கேட்டா சொல்லணும்ல. பாவாடைத் துணியா, சட்டைத் துணியா?"

5

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கூடை கூடையாகப் பழம், ரொட்டி, பூ, ஒரு புட்டி தெக்கிலா. பேச வந்தவர் உலிசெஸின் மாமா அபுந்தியோ. வாசலிலேயே நின்று தொண்டையைச் செருமினார்.

"இந்த வீட்டுத் தோட்டத்துல ஒரு பூ பூத்திருக்குன்னு கேள்விப்பட்டு..."

"தோட்டமா? எங்க வீட்டுல ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது மாமா," என்று பரிமாற வந்திருந்த சாயோ குறுக்கே விழுந்தாள். "உள்ள வாங்க, குழம்பு ஆறுது!"

எல்லாரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தெல்ஃபினா புதுச் சால்வை போட்டிருந்தாள். கைகளைச் சால்வைக்கு உள்ளேயே வைத்துக்கொண்டாள். தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெடித்திருந்தன. இரண்டாவது முறை குழம்பு போட்டுக்கொண்டபோது லெத்திசியா அன்பாகத்தான் கேட்டாள்.

"சம்பந்தியம்மா, பாப்ளின் எப்படிக் குடுக்கறீங்க?"

ஒருத்தி வாழ்க்கையெல்லாம் 'எப்படிக் குடுக்கறீங்க' என்ற கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறாள். அவள் யோசிப்பதற்கு முன்னால் அது வாயிலிருந்து வந்துவிட்டது.

"டின் கணக்குலதான் சம்பந்தி. குவிச்சு அளந்து, மேல ஒரு கைப்பிடி கொசுறு."

யாரும் மெல்லவில்லை.

"துணியையா?" என்றார் அபுந்தியோ. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "சுருட்டி, அமுக்கியா?"

சாயோ முக்காட்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். நோவெமி தன் தட்டைப் பார்த்தாள். கழுத்திலிருந்து சூடு ஏறுவது தெரிந்தது. அம்மாவை இப்போது பார்த்துவிடக் கூடாது என்பது மட்டுமே மனதில் இருந்தது. பார்த்தால் கண்ணில் தெரிந்துவிடும். எது தெரிந்துவிடும் என்று

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. கோபம் என்று முதலில் எழுதினேன். அவளுக்கு அம்மாமேல்தான் கோபம் வந்தது, தன்மேல் இல்லை. அது உண்மை. ஆனால் எழுதியதும் அசிங்கமாக இருந்தது.)

தெல்ஃபினா சிரித்தாள். "ஐயோ, நான் பட்டனைச் சொல்றேன்! துணி மீட்டர் கணக்குதான், அது ஊருக்கே தெரியும். கூடவே பட்டன் போட்டிருக்கேன். அதைப் போய் ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு இருக்க முடியுமா? டின்னுல அள்ளிக் குடுத்துடுவேன்."

இதை அவள் யோசிக்கவே இல்லை. மகள் விட்ட இடத்திலிருந்து பொய்யை எடுத்து, மகளுக்காக ஒரு கை கூடப் போட்டாள்.

லெத்திசியாவின் முகம் மலர்ந்துவிட்டது. "டின் கணக்குல பட்டனா! எங்க ஊருல டஜன் கணக்குல உயிரை வாங்கறான். செவ்வாய்ச் சந்தைதானே உங்களுக்கு? நாளன்னைக்கே வந்துடறேன். உங்க கடையையும் பார்த்தமாதிரி ஆச்சு."

6

இங்கே எனக்கு உலிசெஸைப் பற்றிச் சந்தேகம்.

அன்று அவன் எங்கே உட்கார்ந்திருந்தான்? நான் அவனுக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. வாரம் தவறாமல் எங்கள் ஊருக்கு வேன் ஓட்டி வருகிறவன். தெல்ஃபினா வாளியோடு வீதியில் நடப்பதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையா? பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான் என்று எழுதினால் அவன் நல்லவனாகிவிடுவான். நோவெமியின் பொய்க்கு அர்த்தமில்லாமல் போகும். அவனுக்கும் வெட்கமாக இருந்தது என்று எழுதினால் பாதிப் பழி அவன் தோளுக்குப் போய்விடும். இரண்டும் எனக்கு வசதியாக இருந்தன. அதனாலேயே இரண்டையும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டான். அது மட்டும் நிச்சயமாகத் தெரியும். சாயோ சொன்னாள்.

7

விருந்தாளிகள் போனதும், அம்மா திட்டுவாள் என்று நோவெமி காத்திருந்தாள். தெல்ஃபினா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"பட்டன் எங்கடி கிடைக்கும்?"

மறுநாள் பட்டறையில் எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, நோவெமி என் மேசைக்கு வந்தாள். விளிம்பு உடைந்த, நிறம் மங்கிய பொத்தான்களையெல்லாம் கழித்து என் மேசைக்குக் கீழே ஒரு சாக்கில் போட்டுவைப்போம்.

"கழிச்ச பட்டன் இருக்கா? கொஞ்சம் நிறைய வேணும்."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காததைப் பெருந்தன்மை என்று முதலில் எழுதியிருந்தேன். எதற்கு என்று எனக்குத்தான் தெரியுமே. ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் அழுதிருப்பாள், அல்லது வேண்டாம் என்று திரும்பிப் போயிருப்பாள். சாக்கின் வாயைக் கட்டிக் கொடுத்தேன்.

(அடுத்து வருவதை நான் பார்க்கவில்லை. பாதி அவள் சொன்னது. பாதி என்னுடையது.)

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே தெல்ஃபினா வாளியைத் தூக்கினாள். பட்டன் கிடைக்காமல் போனால் என்று அன்று காலை பிடித்தது அதில் உயிரோடு இருந்தது.

"எங்கம்மா கொண்டுபோற?"

"நாளைக்கு அவிக்கலல்ல. வாளியிலேயே கிடந்து சாகணுமா? வீட்டுக்கு விட்டுடறேன்."

வாளியின் வளையத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சோளக் காட்டுக்கு நடுவே நடந்தார்கள். நோவெமி வாய்க்காலுக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது. ஓரத்தில் கீரை படர்ந்திருந்தது. கோரைக்குள் ஏதோ ஒரு பறவை இவர்கள் வந்ததும் பேச்சை நிறுத்தியது. தண்ணீருக்குள் விரல் வைத்தாள். பல் கூசும் குளிர்.

தெல்ஃபினா வாளியைச் சாய்த்தாள். அகோசில்கள் மொத்தமாக விழுந்து, ஒரு நொடி அப்படியே கிடந்தன. பிறகு ஒவ்வொன்றாக வாலை அடித்துப் பின்னோக்கிப் பாய்ந்தன. சேறு எது, அவை எது என்று அதற்குப் பிறகு தெரியவில்லை.

"திட்டேன்மா," என்றாள் நோவெமி.

"எதுக்கு?"

"திட்டு."

தெல்ஃபினா கரையில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "நானும் யோசிச்சுப் பார்த்தேன். துணிக்கடை. ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். கால் நனையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கை மணக்காது." காலி வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "நல்ல பொய்தான்டி. எனக்கே பிடிச்சிருந்துச்சு."

நோவெமி எதிர்பார்த்த எந்த அடியும் இவ்வளவு வலித்திருக்காது.

8

செவ்வாய்க்கிழமை. சாக்கைத் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்றாள் நோவெமி. நான் அரைநாள் விடுப்புப் போட்டேன்.

தெல்ஃபினா தன் வழக்கமான இடத்தில், பொடிமீன் விற்கும் கூக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரத் துணிக்குப் பதிலாகச் சலவை செய்த மேசைத்துணி. அதன்மேல் பொத்தான் குவியல்: பழுப்பு, சாம்பல், கறுப்பு. குவியலில் செருகிய டின்.

கூக்கா எட்டிப் பார்த்தாள். "ஏண்டி தெல்ஃபினா, எவ்வளவு நேரம் அவிச்ச? ஒண்ணுகூடச் சிவக்கலயே!"

"உன் நாக்கு சிவக்கற வரைக்கும் இருந்து பாரு. பேசாம இருடி இன்னிக்கு ஒரு நாள்."

"பேசல பேசல. எனக்கொரு டின் குடு, எலுமிச்சை பிழிஞ்சு."

நோவெமி சிரிக்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். லெத்திசியா பெரிய பை ஒன்றோடு வந்தாள். சம்பந்தியின் கன்னத்தில் முத்தமிட்டாள். குவியலுக்குள் கையை விட்டு அள்ளி, விரல் இடுக்கில் ஒழுகவிட்டு, சந்தோஷப்பட்டாள்.

"துணி எங்க சம்பந்தி?"

"இன்னிக்கு மழை வரும்னாங்க. நனைஞ்சா போச்சு. பட்டன் நனைஞ்சா பரவால்ல."

குவித்து அளந்தாள். மேலே ஒரு கைப்பிடி கொசுறு போட்டாள். இன்னொரு கைப்பிடியும் போட்டாள். லெத்திசியா காசை நீட்டினாள். சம்பந்தியிடம் வாங்குவதா என்று இவள் தள்ளினாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் மெலித்தோன் பெரியவர் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெறும் தோர்த்தியாவை மடித்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டு வருவது அவர் வழக்கம். குவியலைப் பார்த்தார். குனிந்து இன்னொரு தரம் பார்த்தார்.

"என்னம்மா இது? அகோசில் எங்க?"

தெல்ஃபினா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆளை மாத்திப் பேசறீங்க அய்யா. நான் பட்டன் விக்கிறவ."

"ஆள் மாறிப் போச்சா?" மெலித்தோன் சுற்றிலும் பார்த்தார். அவருக்குத் தன் கண்மேல்தான் சந்தேகம் வந்தது. "என் பொண்டாட்டி இருந்த காலத்துலேர்ந்து உன் கையால வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கேனே. தெல்ஃபினாதானே நீ?"

"இல்லைங்க அய்யா."

கூக்கா பொடிமீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவர் மடித்த தோர்த்தியாவை விரித்து, திரும்ப மடித்தார்.

லெத்திசியா நோவெமி பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா சொல்றாரு இவரு?"

நோவெமி சொன்னாள்: "அத்தை, எங்கம்மா

9

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், லெத்திசியா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அகோசிலா? எனக்கு உயிராச்சே சம்பந்தி, இதையா மறைச்சீங்க?" என்று தெல்ஃபினாவின் வெடித்த விரல்களைப் பிடித்துக்கொள்கிறாள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்துப் பார்த்தால், அதில் நோவெமி வாயே திறக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் லெத்திசியாவே பார்த்துக்கொள்கிறாள். கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் நோவெமி, "இவரு எப்பவுமே இப்படித்தான் அத்தை, வயசாயிடுச்சு," என்கிறாள். கதையாக அதுதான் நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுநாள் பட்டறையில் அவள் "ஊசி இருக்கா?" என்று கேட்டபோது, அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றில், மழை

வேண்டாம்.

அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். அவள் வாயைத் திறந்ததும், கீழே சிந்திய பொத்தான்களைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். ஆனால் காது குனியாது. ஒரு வாக்கியம்தான், நீளமானதுகூட இல்லை. அதை இங்கே எழுத மாட்டேன். அவள் தைத்த கால்சட்டைகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன, அவள் விட்ட நூலை நான் வெட்டுகிறேன். சந்தைக்கு நடுவே ஒரு முறை சொன்னதை, படிக்க வரும் ஒவ்வொருவர் முன்னாலும் அவளைத் திரும்பச் சொல்லவைக்க என்னால் ஆகாது.

அந்த இடம் உங்களுக்கு. 'எங்கம்மா' வரைக்கும் இருக்கிறது. மிச்சத்தை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். நல்ல வார்த்தையாகவும் இருக்கலாம், கோழை வார்த்தையாகவும் இருக்கலாம். எது போட்டாலும் வாக்கியம் நிற்கிறது, பார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவசரப்பட்டு தெல்ஃபினா எல்லாரையும் மன்னித்துவிட்டதாக எழுதிவிடாதீர்கள். அவளிடம் இன்னும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.